கிளாடியேட்டர் வயலுக்கு செப்டம்பரில் போனோம்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் இருக்கிற பியென்சா ஊரின் மதில் ஓரமாக நின்று தெற்கே பார்த்தால், ஒரு மண்சாலை வளைந்து வளைந்து பள்ளத்தாக்குக்குள் இறங்குவது தெரியும். கொர்சிஞ்ஞானோ என்ற பழைய தேவாலயத்தைத் தாண்டி அதே சாலையில் நடந்துகொண்டே இருந்தால், 'கிளாடியேட்டர்' படத்தில் ரஸ்ஸல் க்ரோ வீட்டுக்குத் திரும்புகிற அந்த வயல்வெளி வரும். கதிர்களைத் தடவிக்கொண்டே போகிற கை, தூரத்தில் சைப்ரஸ் மரங்கள், காத்திருக்கிற மனைவியும் மகனும். அந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தது கல்லூரியில் படிக்கும்போது. இருபது வருஷத்துக்கு மேலாகப் போகவேண்டும் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த இடம். ஒருவழியாகப் போன செப்டம்பர் கடைசியில்தான் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்தது.

கோதுமை இல்லை. ஒரு கதிர்கூட இல்லை. கண்ணுக்கு எட்டின வரை உழுது போட்ட களிமண், கட்டி கட்டியாக, சில கட்டிகள் குடத்தளவுக்கு, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் கிடந்தன. என் கணவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்கேயா எடுத்தாங்க? நிச்சயமா இதுதானா?" என்று கேட்டார். மகள் கைப்பேசியில் அந்தக் காட்சியை ஓடவிட்டு, எதிரே இருந்த குன்றின் வளைவையும் மரங்கள் நின்ற இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இதுதான்மா" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏமாற்றம்தான், வேறென்ன சொல்ல.

அந்த ஏமாற்றம் ஒரு வாரம் போகப் போக வேறொன்றாக மாறியது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் தங்கியது ஒரு பண்ணை வீட்டில். அக்ரிதுரிஸ்மோ என்பார்கள், விவசாயம் செய்கிற குடும்பமே இரண்டு மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுவது. அந்த வீட்டு அம்மாவிடம் என் மகள் தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் வயலைப் பற்றிக் கேட்டபோது, அவர் மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அக்டோபர், நவம்பரில் விதைப்பு. குளிர்காலம் முழுக்க மண்ணோடு ஒட்டின மெல்லிய பச்சை. ஏப்ரல், மே மாதங்களில்தான் காலண்டர்களில் பார்க்கிற அந்தப் பட்டுப் பச்சை. ஜூனில் பொன் நிறம். ஜூன் கடைசி, ஜூலையில் அறுவடை, பிறகு கொஞ்ச நாள் அரிதாளும் உருட்டி வைத்த வைக்கோலும், அப்புறம் உழவு. களிமண் இறுகிப் பாறை மாதிரி ஆவதால் ஆழமாக உழுது வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தால்தான் விதைப்புக்குள் உடைந்து கொடுக்குமாம். ஆக, படத்தில் வருகிற அந்தப் பொன் நிறம் வருஷத்தில் சில வாரங்கள்தான். நாங்கள் பார்த்த பழுப்பு அதைவிட நீளம்.

இந்த இடத்தின் பெயர் வால் தோர்ச்சா. டஸ்கனியின் தெற்கில், சியெனா நகரத்துக்குக் கீழே, அமியாத்தா மலைவரைக்கும் விரிந்து கிடக்கிற பள்ளத்தாக்கு. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவில் கேமராவுக்கு இத்தனை வேடம் போட்ட நாட்டுப்புறம் வேறு எதுவும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

வேடம் என்று யோசித்துத்தான் சொல்கிறேன். கிளாடியேட்டரின் நாயகன் மேக்ஸிமஸ் ஸ்பெயின்காரன். த்ருஹியோ ஊருக்குப் பக்கத்தில் வீடு என்று அவனே சொல்கிறான், அரங்கத்தில் எல்லோரும் அவனை ஸ்பானியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஸ்பெயின் வீடுதான் இத்தாலியின் வால் தோர்ச்சா. 1968-இல் ஸெஃபிரெல்லி எடுத்த 'ரோமியோ அண்ட் ஜூலியட்' கதை நடப்பது வெரோனாவில், ஆனால் ஜூலியட்டின் வீடாக வருவது பியென்சாவின் பிக்கோலோமினி மாளிகை. கென்னத் பிரானா 1993-இல் எடுத்த 'மச் அடோ அபௌட் நத்திங்' சிசிலியின் மெஸ்ஸினாவில் நடக்கிற கதை, எடுத்தது டஸ்கனியின் கியான்டி மலைச்சரிவில் ஒரு பழைய திராட்சைத் தோட்ட மாளிகையில். 'நியூ மூன்' கதையில் ரத்தக்காட்டேரிகளின் தலைமையிடம் வோல்தெர்ரா. அதுவும் டஸ்கனிதான், ஆனால் படத்தில் நாம் பார்ப்பது மொன்தெபுல்ச்சானோ ஊரின் பெரிய சதுக்கம். கதாநாயகி ஓடிவரும்போது குறுக்கே ஒரு நீரூற்று வருமே, அது படத்துக்காகக் கட்டினது. 'அண்டர் தி டஸ்கன் சன்' படத்தில் கோர்த்தோனா சதுக்கத்தில் வருகிற நீரூற்றும் அப்படித்தான், படம் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். கோர்த்தோனாவில் நாங்கள் நின்றிருந்தபோது ஒரு அமெரிக்கத் தம்பதி அந்த நீரூற்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் மகள்தான் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் முகம் வாடினது எனக்கு நன்றாகப் புரிந்தது, மூன்று நாள் முன்னால் என் முகமும் அப்படித்தானே இருந்திருக்கும்.

சரி, படம் எடுப்பவர்கள் ஏன் திரும்பத் திரும்ப இங்கேயே வருகிறார்கள்? மின்கம்பி, விளம்பரப் பலகை, கான்கிரீட் வீடு எதுவும் சட்டகத்துக்குள் வராமல் கேமராவைச் சுற்றித் திருப்ப முடிகிற இடம் என்பது ஒரு காரணம். ஆனால் ஏன் இங்கே மட்டும் அப்படி இருக்கிறது என்பதற்கு விடை தேட சியெனா நகரசபை மாளிகைக்குப் போகவேண்டும். அங்கே ஒரு அறையில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338, 1339-இல் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. நல்ல ஆட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்பதுதான் பொருள். குன்றுகள், அளந்து வகுத்த வயல்கள், அறுக்கிறவர்கள், சூடடிக்கிறவர்கள், கழுதைமேல் மூட்டை ஏற்றிப் போகிறவர்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கிட்டத்தட்ட அதே காட்சி. சியெனாவின் பணக்காரர்கள் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கை அந்த ஓவியத்தின் கனவுப்படி திருத்தி அமைத்தார்கள், யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்ததற்கும் அதுதான் காரணம். இயற்கை என்று நாம் நினைத்து மூச்சு விட மறந்து பார்ப்பது முழுக்க மனிதர்கள் கையால் செய்தது.

அதில் சில பகுதிகள் ரொம்பப் புதிது. டஸ்கனி என்றாலே ஒரு குன்றின்மேல் இசட் எழுத்து மாதிரி மடிந்து மடிந்து ஏறுகிற சாலை, இரண்டு பக்கமும் சைப்ரஸ் என்று ஒரு படம் எல்லாக் கடைகளிலும் தொங்கும். அது லா ஃபோச்சே பண்ணைக்கு எதிரே இருக்கிறது. 1920களில் ஐரிஸ் ஒரிகோ என்ற எழுத்தாளரும் அவர் கணவரும் அந்தப் பண்ணையை வாங்கியபோது அங்கே இருந்தது மழை அரித்த மொட்டைக் களிமண் மேடுகள். பல வருஷம் உழைத்து மண்ணை மீட்டு, சாலை போட்டு, மரம் நட்டு, பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்த இசட் சாலை அப்போது வந்தது. உழைத்தவர்கள் என்று நான் சொல்வது மண்வெட்டி பிடித்தவர்களையும் சேர்த்துத்தான்.

அந்த மண்வெட்டிக்காரர்களைப் பற்றிப் பேசாமல் இந்த நிலத்தைப் பற்றிப் பேச முடியாது. டஸ்கனி முழுக்கப் பல நூற்றாண்டுகள் இருந்தது மெட்சாத்ரியா முறை. பெயரிலேயே பாதி என்று அர்த்தம். நிலமும் வீடும் முதலாளியுடையது, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் பாதிப் பாதி. நம் ஊரில் வாரத்துக்கு உழுவது என்போமே, அதேதான். என் தாத்தா வாரத்துக்கு உழுதவர், களத்தில் நெல்லை அளந்து பிரிக்கும் நாளில் அவர் எப்படிப் பேசாமலே இருப்பார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் அந்தச் சொல் புரிந்த நிமிடத்தில் இந்தக் குன்றுகள் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு குன்றின் தலையிலும் தனித்தனியாக ஒரு கல் வீடு நிற்கிறதே, கேமராவுக்கு அத்தனை அழகாக, அதெல்லாம் வாரக் குடும்பங்களின் வீடுகள். அந்தந்த நிலத்துக்கு நடுவிலேயே குடும்பத்தைக் குடிவைத்தால்தான் வேலை நடக்கும் என்று கட்டினவை. கீழே மாடு, மேலே மனிதர்கள்.

போருக்குப் பிறகு, 1950, 60களில் இந்தக் குடும்பங்கள் சாரிசாரியாக நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டன. புது வார ஒப்பந்தம் போடக்கூடாது என்று 1964-இல் சட்டம் வந்தது. வீடுகள் காலியாயின, நிலம் மலிவாயிற்று. அப்போது சார்டினியா தீவிலிருந்து மேய்ப்பர்கள் ஆடுகளோடு கப்பலேறி வந்து இங்கே நிலம் வாங்கினார்கள். இன்றைக்குப் பியென்சா என்றால் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, பெக்கொரினோ, என்று தெருவெல்லாம் மணக்கிறதே, அதற்குப் பின்னால் இந்தச் சார்டினியக் குடும்பங்களின் உழைப்பும் இருக்கிறது. எங்கள் பண்ணை வீட்டு அம்மாவின் அப்பாவும் அப்படி வந்தவர். சமையலறைச் சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. பின்னாலே அதே குன்று. ஆனால் வீட்டுக் கூரை பாதி இடிந்து கிடந்தது. பிறகு வந்த சினிமாக்களுக்கும் சுற்றுலாவுக்கும் அந்த இடிந்த வீடுகள்தான் தங்கமாகின.

இதெல்லாம் தெரிந்தபிறகு எந்தப் படம் இந்த மண்ணைப் பார்த்தது, எந்தப் படம் அதை வெறும் திரைச்சீலையாகத் தொங்கவிட்டது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. கிளாடியேட்டரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு படைத்தலைவன் செத்துப்போகும்போது அவனுக்குக் கிடைக்கிற சொர்க்கம் ஒரு விளைந்த வயல் என்று காட்டினார்கள், அது போதும் எனக்கு. ஆனால் வயலில் வேலை செய்கிற ஒரு ஆளாவது அந்தப் படத்தில் மனதில் நிற்கிறாரா?

வயல் என்றால் டவியானி சகோதரர்கள் 1982-இல் எடுத்த 'தி நைட் ஆஃப் தி ஷூட்டிங் ஸ்டார்ஸ்' படத்தைப் பாருங்கள். இதுவரைக்கும் பார்க்காதவர்கள் நான் இங்கே பேசுகிற எல்லாப் படங்களையும் விட்டுவிட்டு முதலில் இதைப் பாருங்கள். பவுலோவும் விட்டோரியோவும் பிறந்து வளர்ந்தது டஸ்கனியின் சான் மினியாத்தோ ஊரில். 1944 ஜூலை 22 அன்று, ஊரின் தேவாலயத்துக்குள் மக்கள் கூடியிருந்தபோது குண்டு வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஜெர்மானியர் செய்தது என்றே ஊர் ரொம்ப காலம் நம்பியது, பிற்காலத்து ஆய்வுகள் அமெரிக்கப் பீரங்கிக் குண்டுதான் என்றன. அந்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு, ஊருக்கு வேறு பெயர் கொடுத்து, அப்போது ஆறு வயதாக இருந்த ஒரு பெண் இப்போது தன் குழந்தைக்குச் சொல்கிற கதையாகப் படத்தை எடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் பாதிரியாரை நம்பித் தேவாலயத்துக்குப் போகிறார்கள், மீதிப் பேர் கறுப்பு உடை போட்டுக்கொண்டு இரவோடு இரவாக அமெரிக்கர்களைத் தேடி வயல்வழியே நடக்கிறார்கள்.

அந்தப் படத்தின் கோதுமை வயல் சண்டையை என்னால் மறக்கமுடியவில்லை. விளைந்து நிற்கிற கோதுமைக்குள் பாசிஸ்டுகளும் அவர்களை எதிர்ப்பவர்களும் தவழ்ந்து வருகிறார்கள். தலை நிமிர்ந்தால்தான் எதிரே யார் என்று தெரியும். நிமிர்ந்து பார்த்தால் தெரிந்த முகம். ஒரே வட்டாரத்து ஆட்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பிறகு சுடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிற சிறுமிக்கு அவர்கள் திடீரென்று தாத்தா கதையில் வருகிற கிரேக்க வீரர்களாகத் தெரிகிறார்கள், கவசமும் ஈட்டியுமாக. இதே டஸ்கனிக் கோதுமைதான், இதே பொன் நிறம்தான். ஆனால் அந்தக் கதிர் யார் வீட்டுச் சோறு என்று அந்தப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும். கான் திரைப்பட விழாவில் அந்த வருஷம் நடுவர்களின் சிறப்பு கிராண்ட் ப்ரி விருது அதற்குத்தான்.

நடிகரும் இயக்குநருமான ரொபெர்தோ பெனின்யியும் மண்ணின் மகன். அரெட்சோ மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், அவர் அப்பா போர்க்காலத்தில் ஜெர்மன் முகாமில் இருந்து உயிரோடு திரும்பியவர். அவர் எடுத்து நடித்த 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்தின் முதல் பாதி முழுக்க அரெட்சோ. சரிவாக இருக்கிற பெரிய சதுக்கத்தில் சைக்கிளில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவர் போகிற காட்சி இருக்கிறதே, அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் சரிவு எவ்வளவு என்று புரிகிறது. இரண்டாம் பாதியில் வருகிற நாஜி முகாம் காட்சிகளை அங்கே எடுக்கவில்லை, அடுத்த மாநிலமான உம்ப்ரியாவில் தெர்னி பக்கம் ஒரு பழைய ஆலைக்குள் எடுத்தார்கள். படம் எடுத்த இடங்களில் அரெட்சோ நகரம் பலகை வைத்திருக்கிறது. என் மகள் அவற்றைத் தேடித் தேடி ஓட, நாங்கள் பின்னாலே போய்க்கொண்டிருந்தோம்.

ஆனால் அரெட்சோவுக்கு நான் போனது வேறு ஒரு படத்துக்காக.

'தி இங்கிலீஷ் பேஷன்ட்' 1996-இல் வந்தது, ஒன்பது ஆஸ்கர் வாங்கியது. அதன் மூலநாவலை எழுதிய மைக்கேல் ஒண்டாட்சி 1943-இல் கொழும்பில் பிறந்தவர். போர் முடிகிற சமயம், டஸ்கனியில் குண்டடிபட்டு இடிந்த ஒரு மடாலயம், உடல் முழுக்க வெந்துபோன ஒரு நோயாளி, அவரைப் பார்த்துக்கொள்ளும் கனடா நர்ஸ் ஹானா, அப்புறம் வெடிகுண்டு அகற்றும் சீக்கியச் சிப்பாய் கிர்பால் சிங், கிப். ஹானாவாக ஜூலியட் பினோஷ், கிப்பாக நவீன் ஆண்ட்ரூஸ். மடாலயமாக வருவது பியென்சாவுக்கு வடக்கே சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில் இருக்கிற சான்தான்னா இன் கம்ப்ரேனா. இப்போது அங்கே தங்கலாம். சாப்பாட்டுக்கூடச் சுவரில் சோதோமா என்ற ஓவியர் இளவயதில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. நாங்கள் போனபோது தோட்டத்தில் வேறு யாரும் இல்லை, வெள்ளைச் சுவரில் வெயில் அடித்தது, ஹானா பாண்டி விளையாடுகிற காட்சி நினைவுக்கு வந்தது.

அந்தப் படத்தில் எனக்கு உயிரான காட்சி ஒன்று. கிப் ஒரு இரவில் ஹானாவை இருட்டான ஒரு தேவாலயத்துக்குக் கூட்டிப்போகிறான். இடுப்பில் கயிறு கட்டி, கையில் தீவெளிச்சம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து அவளை மேலே தூக்குகிறான். அவள் காற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடிச் சுவரோவியங்களின் முகங்களுக்கு முன்னால் போகிறாள், ஒவ்வொரு முகமாக வெளிச்சத்தில் வந்து மறைகிறது. அது அரெட்சோவின் சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயம், முகங்கள் 15-ஆம் நூற்றாண்டில் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்தவை. போர்க்காலத்தில் இத்தாலியக் கலையைப் பார்ப்பதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வழிகாட்டுகிறவன் ஒரு இந்தியச் சிப்பாய். இதை முதலில் பார்த்தபோது அழகான கற்பனை என்றுதான் நினைத்தேன்.

கற்பனைக்குப் பக்கத்திலேயே ஒரு நிஜம் இருக்கிறது. இந்தியப் படையின் 4, 8, 10-ஆம் டிவிஷன்கள் இத்தாலியில் போரிட்டன. 1944 கோடையில் ஃபிளாரன்ஸுக்குத் தென்மேற்கே மொன்தெகுஃபோனி என்ற கோட்டைக்குள் மராத்தா காலாட்படைச் சிப்பாய்கள் நுழைந்தபோது, கூடத்தில் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தது ஃபிளாரன்ஸ் உஃபிஸி அருங்காட்சியகத்தின் ஓவியங்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து அங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்திருந்தார்கள். அவற்றில் போத்திச்செல்லியின் 'பிரிமவேரா'வும் ஒன்று. போர்முனை சில மைல் தூரத்தில், பீரங்கிச் சத்தத்துக்கு நடுவில், அந்த ஓவியங்களுக்குக் காவல் நின்றவர்கள் மகாராஷ்டிரத்துக் கிராமத்துப் பையன்கள். இன்றைக்கு உஃபிஸியில் பிரிமவேராவுக்கு முன்னால் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் நின்றபோது எனக்கும் அந்த ஓவியத்தைவிட அந்தப் பையன்கள்தான் கண்ணுக்குள் இருந்தார்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள்தானே பெரும்பாலும் அந்தப் படையில் சேர்ந்தது, மொன்தெகுஃபோனியைச் சுற்றியிருந்த வயல்களில் எந்தப் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று அவர்களுக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும்.

இதனாலேயே படத்தின்மேல் எனக்கு ஒரு தீராத வருத்தம். நாவலின் கடைசியில் ஹிரோஷிமா செய்தி ரேடியோவில் வருகிறது. கிப் உடைந்துபோகிறான், வெள்ளைக்கார நாடு ஒன்றின்மேல் இப்படி ஒரு குண்டைப் போட்டிருக்கமாட்டார்கள் என்ற கோபத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறான். படத்தில் அது முழுக்க இல்லை. கிப்பின் பாகமே சுருங்கிப்போய், அந்த நோயாளியின் பாலைவனத்துக் காதல்தான் பெரிதாக நிற்கிறது. படத்தை எடுத்த மிங்கெல்லா திறமையான இயக்குநர், நீளமான நாவலை எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும், எல்லாம் சரி. இருந்தாலும் வெட்டுப்பட்டது கிப் என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

பினோஷ் பதினான்கு வருஷம் கழித்து அதே வட்டாரத்துக்குத் திரும்பி வந்தார். 2010-இல் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி எடுத்த 'சர்டிஃபைடு காப்பி'. அரெட்சோவில் தொடங்கி, காரில் பேசிக்கொண்டே லூசிஞ்ஞானோ என்ற சின்னஞ்சிறு ஊருக்குப் போகிற ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அன்றைக்குத்தான் பழகியவர்களா, பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர்களா என்று படம் கடைசிவரை சொல்லாது. அசல் எது நகல் எது என்றே பேச்செல்லாம். போகிற வழியில் சைப்ரஸ் மரங்களைப் பார்த்து, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை, ஒவ்வொன்றும் அசல், ஆனால் யாரும் இதை அருங்காட்சியகத்தில் வைப்பதில்லை என்று அந்த ஆள் சொல்வார். ஸ்பெயினாகவும் வெரோனாவாகவும் நடிக்க வைக்கப்பட்ட இந்த நிலத்துக்குள் உட்கார்ந்து ஒரு ஈரானியர் இப்படி ஒரு படம் எடுத்தாரே என்று நினைத்து நினைத்து எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. லூசிஞ்ஞானோவில் ஒரு தங்க மரம் இருக்கிறது, அதன் முன்னால் மணமக்கள் உறுதி சொல்வது வழக்கம். நாங்களும் நின்றோம். என் கணவர் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கியை விட்டுவிட முடியாது. 1983-இல் வந்த அவருடைய 'நோஸ்டால்ஜியா'வில் வால் தோர்ச்சா வெயிலே இல்லாமல் வருகிறது, பனி, ஈரச்சுவர், சேறு. பாஞ்ஞோ வின்யோனி என்ற ஊரில் சதுக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெந்நீர்க் குளம், அந்தக் குளத்தில் இருந்து எழுகிற ஆவிக்குள் மனிதர்கள். வற்றிய குளத்தை ஒரு மெழுகுவர்த்தி அணையாமல் கடக்கவேண்டும் என்று ஒருவன் மூன்று தடவை நடக்கிறான், ஒரே ஷாட், ஏறக்குறைய ஒன்பது நிமிடம். கடைசிக் காட்சி சான் கல்கானோ. 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய துறவிமடம், 18-ஆம் நூற்றாண்டில் கூரை விழுந்துபோய் இன்றைக்கும் வானத்தைப் பார்த்துத் திறந்தே நிற்கிறது. அதற்குள் அவர் தன் ரஷ்யக் கிராமத்து வீட்டையே வைத்துக் காட்டினார். சொந்த ஊருக்கு ஏங்குகிறவன் கண்ணில் இந்த நிலம் எப்படித் தெரியும் என்பதற்கு அந்த ஒரு காட்சி. நாங்கள் போனபோது மெல்லிய தூறல், உள்ளே புல் நனைந்திருந்தது, ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொரு படம் மட்டும். அலிச்சே ரோர்வாக்கர் 2014-இல் எடுத்த 'தி வொண்டர்ஸ்', கானில் கிராண்ட் ப்ரி வாங்கியது. டஸ்கனியும் உம்ப்ரியாவும் லாட்சியோவும் சேருகிற எல்லைப்பக்கம் தேனீ வளர்க்கிற ஒரு குடும்பம். இயக்குநரின் அப்பாவே தேனீ வளர்த்தவர், அதனால் தேன் எடுக்கிற அறையில் வாளி நிரம்புவதற்குள் மாற்றவேண்டுமே என்ற அந்தப் பிள்ளைகளின் பதற்றம் அவ்வளவு நிஜமாக இருக்கும். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்து, பாரம்பரியமான நாட்டுப்புறக் குடும்பம் எது என்று போட்டி வைக்கிறது. மோனிகா பெலூச்சி வெள்ளை உடையில் தேவதை மாதிரி வருகிறார், விவசாயிகளுக்கு, ரோமானியருக்கு முன்னால் இந்த மண்ணில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் வேடம் போட்டு ஒரு குகைக்குள் நிற்க வைக்கிறார்கள். அப்பாக்காரர் பேசவேண்டிய முறை வரும்போது, சொல்ல வந்தது வாயில் வராமல் தடுமாறி நிற்கிறார். இந்த நிலத்தில் எடுத்த படங்களிலேயே, கேமரா வந்தால் உழைக்கிறவனுக்கு என்ன ஆகிறது என்று காட்டிய படமாக எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பண்ணை வீட்டு அம்மாவிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். பார்த்திருக்கிறேன், அந்த அப்பா என் அப்பா மாதிரி என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் மறுபடி அந்த வயலுக்குப் போனோம். முந்தின இரண்டு நாள் மழையில் கட்டிகள் ஓரம் கரைந்து பிளந்திருந்தன. தூரத்தில் ஒரு டிராக்டர் மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாகக் கட்டி உடைத்துக்கொண்டிருந்தது, பின்னாலே வெள்ளைப் பறவைகள் கூட்டமாக. என் கணவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "இன்னும் ஒரு மழை பெஞ்சா விதைச்சிடுவாங்க" என்றார்.

ஊருக்கு வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து கிளாடியேட்டரை மறுபடி போட்டோம். கை கதிர்களைத் தடவுகிற இடம் வந்ததும் மகள் படத்தை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜூன் கடைசியா இருக்கும்மா, இன்னும் ஒரு வாரத்துல அறுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஓடவிட்டாள்.